ரெண்டு பேர் காட்டேஜில் ஒருத்தி: கல்வராயன் மலையில் எங்கள் கல்யாண நாள்

கடலுக்குப் போக வேண்டியவள் மலைக்குப் போய்விட்டு வந்தேன். அதுவும் தனியாக. கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று பார்க்க வந்தவர்களுக்கு விவரமெல்லாம் கீழே இருக்கிறது. நடுநடுவே என் புலம்பலும் இருக்கும். அது வேண்டாதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மார்கழியோடு எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்து நிமிடத்தில் முடிந்த கல்யாணம். கையெழுத்துப் போட்டோம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே சாம்பார் இட்லி சாப்பிட்டோம், மறுநாள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டோம். அவ்வளவுதான் எங்கள் தேனிலவு. இந்த முறையாவது எங்காவது போகலாம் என்று மரக்காணம் பக்கத்தில் சவுக்குத் தோப்புக்குள் ஒரு காட்டேஜ் பார்த்து அட்வான்ஸும் கட்டிவிட்டேன். வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் கடல். என் வீட்டுக்காரர் பழனிவேலுக்கு முப்பத்திரண்டு வயது. டூவீலர் மெக்கானிக். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் அவர் கையில் ஓடுகிறது, அவர் மட்டும் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். கேட்டால் "எங்க போவப் போவுது, பாத்துக்கலாம்" என்பார்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. கொரோனா கெடுபிடி தளர்ந்து பஸ்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்த சமயம். இன்றைக்கு உளுந்தூர்பேட்டையில் மறியல், நாளைக்கு விழுப்புரத்தில் மறியல் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது வரும். பாதி நிஜம், பாதி புரளி. நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மாதம் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த கூட்டத்தில் எனக்கு டீ குடிக்க நேரமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் சாதியை டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. கடைசியில் மரக்காணம் காட்டேஜ்காரரே போன் பண்ணி, "ரோடு எப்படி இருக்கும்னு சொல்ல முடியாதும்மா, வேற தேதி போட்டுக்கோங்க, அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும்" என்றார். கிழக்கே போக வழியில்லை என்றால் மேற்கே போவோம் என்று வெள்ளிமலைக்குப் பக்கத்தில் வேறொரு காட்டேஜ் பிடித்தேன். புதன், வியாழன், இரண்டு நாள். தம்பதி பேக்கேஜ்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. மாமனார். மூன்று வருடத்தில் முதல் போன். நாற்பது விநாடிகூடப் பேசியிருக்க மாட்டார். பேச்சு முடிந்தும் இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் ஊர், கச்சிராயபாளையம் போகிற வழியில் உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்கள் சாதி வேறு, எங்கள் சாதி வேறு. எது எது என்றும் எழுதப்போவதில்லை, எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். அந்த ஊரில் ஒரு ஆணுக்குக் கல்யாணம் ஆனால் அவனைத் தனித் தலைக்கட்டாக ஊர் நோட்டில் எழுதுவார்கள். அப்புறம்தான் அவன் பெயரில் கோயில் வரி வாங்குவார்கள், பிரசாதம் கொடுப்பார்கள், கூட்டத்தில் பேச விடுவார்கள். அவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தோள் கொடுப்பார்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இவர் பெயரை எழுதவில்லை. வரி கொண்டுபோய் நீட்டினார், வாங்கவில்லை. அரசாங்கம் எங்களுக்குத் தனி ரேஷன் கார்டு கொடுத்திருக்கிறது, அதற்கு நானே விண்ணப்பித்து நானே டைப் அடித்தேன். ஊர் கணக்கில் மட்டும் நாங்கள் ஒரு வீடு இல்லை. மாமனார் மாமியாரை நான் ரோட்டில் தூரத்தில் பார்த்ததோடு சரி.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாளைக்கி இட ஒதுக்கீடு கேட்டு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல மனு குடுக்குறாங்களாம். தலைக்கட்டுக்கு ஒரு ஆளு வரணுமாம். நோட்டுல பேரு கூப்புடுவாங்க, வந்து நில்லுன்னாரு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைக்கட்டுக்கு ஒரு ஆள், வந்து நில். வேறென்ன அர்த்தம்? பெயர் ஏறிவிட்டது. எங்கள் வீடும் ஒரு வீடு. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எந்தப் பெயருக்கு நிற்க வேண்டும் என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்த மனுஷனுக்கும் தோன்றவில்லை, நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிற எனக்கும் தோன்றவில்லை.

"மலைக்கி?" என்றார்.

"நான் காலைல பஸ்ல முன்னாடி போறேன். நீ மனு குடுத்துட்டு சாயங்காலம் வண்டில வந்துடு மாமா. அங்கருந்து கிட்டதான்" என்று சொல்லி நானே அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை 7.10க்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம் ஆகிறது. டிக்கெட் 35 ரூபாய். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும்தான். கோமுகி அணை தாண்டியதும் ரோடு மேலே ஏற ஆரம்பிக்கும், காது அடைக்கும். மார்கழி என்பதால் பனி இறங்கி முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை. கச்சிராயபாளையத்துக்கு முன்பே, இவர் ஊருக்குப் பிரிகிற ரோட்டு முனையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். இவர் அதில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

கண்டக்டர் என்னையும் என் பெரிய பையையும் பார்த்து, "டீச்சருங்களா?" என்றார். மலைக்குத் தனியாகப் போகிற பெண் என்றால் டீச்சர் அல்லது நர்ஸ். இல்லை, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். "ஒண்டியாவா?" என்றார். வீட்டுக்காரர் பின்னால் வருகிறார் என்றேன். அன்றைக்கு முழுக்க இந்த பதிலை எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது.

வெள்ளிமலையில் இறங்கி, கரியாலூர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். ஜீப் கிடைத்தால் 20 ரூபாய், தனியாகப் பிடித்தால் 150. நான் நடந்தே போனேன். இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, அங்கங்கே கடுக்காய் மரம். எதிரே விறகுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் நின்று வழி சொன்னார்கள். குளிர் நன்றாகவே இருந்தது, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

காட்டேஜ் ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. முன்னால் சின்னதாக ஒரு தாழ்வாரம், அதில் இரண்டு மூங்கில் நாற்காலி. சொந்தக்காரர் சேலத்தில் இருக்கிறார். சாவி வைத்திருப்பதும், சமைப்பதும், பெருக்குவதும் குப்பம்மா. மலையிலேயே பிறந்தவர், என் வயதுதான் இருக்கும். கதவைத் திறந்துவிட்டு, "அண்ணன் எங்கீங்க?" என்றார். சாயங்காலம் வருவார் என்றேன். உள்ளே போனால் கட்டிலில் பூவால் இதயம் வரைந்திருக்கிறது. "ரோஜாப் பூ கெடைக்கலைங்க, கேந்திப் பூதான் இருந்துச்சி. மொதலாளி போன்ல சொல்லச் சொல்லத்தான் போட்டேன்" என்றார் குப்பம்மா, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. மஞ்சள் கேந்திப் பூவில் இதயம். ஏதோ ஹோமம் நடந்து முடிந்த இடம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் வரும் வரை கலைக்கக் கூடாது என்று பையை நாற்காலியில் வைத்தேன்.

முக்கியமான விஷயம், அறையில் போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. காட்டேஜுக்குப் பின்னால் மேடேறினால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் இரண்டு கோடு வரும். பத்தரை மணிக்கு ஒரு தடவை ஏறினேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மனு கொடுத்துக்கொண்டிருப்பார் என்று இறங்கிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒன்றரைக்கு ஒரு தடவை.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு, சாமைச் சோறு. குப்பம்மா இரண்டு தட்டு வைத்துவிட்டு, யோசித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். சாப்பாடு பிரமாதம். பாதிதான் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் கரியாலூர் படகு சவாரிக்குப் போனேன். சின்ன ஏரி, சுற்றிலும் மரம், கூட்டமில்லை. மிதிக்கிற படகு. துடுப்புக்காரர் போல இருந்தவரிடம் ஒரு டிக்கெட் கேட்டேன். "ரெண்டு பேரு மிதிக்கறதுங்க. ஒருத்தரா ஏறினா ஒரு பக்கமா சாஞ்சிக்கும்" என்றார். "பக்கத்துல ஒரு கல்லு வச்சிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணன் வந்ததும் வாங்க" என்றார். கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துவிட்டுத் திரும்பினேன். நானும் டிக்கெட் வாங்கத் தயாராக இருக்கிற ஒரு ஆள்தானே, ஆனால் இங்கேயும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நாலரை மணிக்குக் குப்பம்மா டீ கொண்டுவந்து இன்னொரு நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "அது அண்ணனோடதுங்க" என்று மறுத்துவிட்டார். அண்ணன் ஏன் வரவில்லை என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் கல்யாணம், நோட்டு, மூன்று வருடம், மாமனார் போன் எல்லாம்.

குப்பம்மா கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் அப்டித்தாங்க" என்றார். "கூட்டம்னா வூட்டுக்கு ஒரு ஆளு போவணும். எங்க வூட்டுக்காரரு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்டுவாரு. அப்ப என் கொழுந்தன்தான் போய் எங்க பேருக்கு நிப்பான். பேரு கூப்புட்டா யாருனா ஒருத்தரு கை தூக்கணும், அவ்ளோதான்."

டீ தம்ளர் என் கையில் அப்படியே நின்றது. யாராவது ஒருத்தர். மாமனார் ஐப்பசியில் கரும்புக் காட்டில் விழுந்து முட்டி வீங்கிப் படுத்திருக்கிறார் என்று எங்கள் காதுக்கு வந்திருந்தது. இவர் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில். அப்படியென்றால் மாமனார் பெயருக்குக் கை தூக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்களா? அப்பா வீட்டுக்கு ஆளாக, கல்யாணமே ஆகாத பிள்ளை மாதிரி? குப்பம்மா ஏதோ பேசிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஐந்தேகாலுக்கு மறுபடி பாறை. ஒரு மெசேஜ் வந்திருந்தது. "இன்னிக்கி வர முடில. காலைல வரேன். சாப்டு." அவ்வளவுதான். கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கீழே சமவெளியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அதில் ஏதோ ஒரு விளக்கு அவர் ஊர். எது என்று எனக்குத் தெரியாது, அந்த ஊருக்குள் நான் போனதே இல்லையே. பாறையில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன்.

பேக்கேஜில் மெழுகுவர்த்தி விருந்து உண்டு. வேண்டாம் என்றேன். "காசு கட்டிட்டீங்களே" என்று குப்பம்மா ஏற்றியே வைத்தார். ஒரு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, கேந்திப் பூவைக் கட்டிலின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மீதிப் பக்கத்தில் படுத்தேன். 

வியாழக்கிழமை காலை 10.40க்கு வண்டிச் சத்தம் கேட்டது. அதே வெள்ளைச் சட்டை, கசங்கியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டேன்.

"யாரு பேரு கூப்ட்டாங்க மாமா?"

அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, பிறகுதான் என்னைப் பார்த்தார். "அப்பா பேரு."

"நீ?"

"ரெண்டு தடவ கூப்ட்டாங்க. அப்பாவால எழுந்து நிக்க முடியல, கால நீட்டிக்கினு சேர்ல உக்காந்துக்கினு என்னியே பாத்தாரு. கைய தூக்கிட்டேன்." ஹெல்மெட்டைக் கழற்றி, "எம் பேரு கடைசில வரும்னு நோட்டு மூடுற வரைக்கும் நின்னேன். வர்ல" என்றார்.

"அதுக்கப்புறம் ஏன் வரல?"

"அம்மா கைய புடிச்சிக்கினு வுடவே இல்ல. சாப்ட்டுட்டுப் போன்னாங்க. சாப்ட்டா இருட்டிடுச்சி, படுத்துட்டுப் போன்னாங்க." 

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் கல்யாண நாளில், என்னைக் கல்யாணம் செய்யாதவராகப் போய் நின்று, அந்த வீட்டில் சாப்பிட்டு, படுத்து எழுந்து வந்திருக்கிறார். நல்லாத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குற்ற உணர்ச்சி இருந்தது, ஆனால் அதற்கு அடியில் ஒரு தெளிவு இருந்தது. மூன்று வருடமாக நான் பார்க்காத தெளிவு. அம்மா கையால் சாப்பிட்ட முகம். அதை என்னால் தர முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, கோபத்தைவிட அதுதான் வலித்தது.

வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினார். மூடியில் மாமனார் பெயர் வெட்டியிருந்தது. உள்ளே புளிச்சோறு.

"எனக்குன்னு குடுத்தாங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "உனக்குன்னு சொல்லல. ஆனா ஜாஸ்தியாவே போட்டாங்க."

ஒரு ஆளுக்கு ஜாஸ்திதான். இரண்டு பேரும் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், குப்பம்மாவுக்கும் கொடுத்தோம். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, மிளகாய் கிள்ளிப் போட்டு, நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

அறையைக் காலி செய்துவிட்டு மறுபடி படகுக்குப் போனோம். நேற்றைய ஆள் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். ஏறி மிதித்தோம். நடு ஏரி வரை இவர் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தலை நரைத்துவிட்டதாம், எருமையை விற்றுவிட்டார்களாம், பல் இரண்டு போய்விட்டதாம். நான் ம் கொட்டிக்கொண்டு மிதித்தேன். இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததால் படகு சாயவில்லை. நேற்று கரையில் உட்கார்ந்திருந்ததைவிட இன்று இன்னும் தனியாக இருந்தேன்.

சரி, போகிறவர்களுக்கு. காட்டேஜ் ஒரு ராத்திரிக்கு 1,800, சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300. ஒருத்தராகப் போனாலும் வாடகை குறையாது. மார்கழி, தை நல்ல பனி, ஐப்பசி மழையில் ரோடு நம்ப முடியாது. பெரியார் அருவி ரோட்டோரமாகவே இருக்கிறது, இறங்கும்போது பார்த்துவிடலாம். மேகம் அருவிக்குக் கரடுமுரடாக நடக்க வேண்டும், உள்ளூர் ஆள் துணை இல்லாமல் போகாதீர்கள். மலையிலிருந்து இறங்க சாயங்கால பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், மூன்று மணிக்குள் வெள்ளிமலைக்கு வந்துவிடுங்கள். போனை நம்பவே நம்பாதீர்கள். வீட்டில் சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், முக்கியமாகக் கேட்க வேண்டியதை.

சாமை அரிசி வாங்கி வாருங்கள். குப்பம்மா மாதிரி வீட்டில் குத்தி வைத்திருப்பவர்களிடம் கிலோ 80 ரூபாய்க்குக் கிடைக்கும். நான் இரண்டு கிலோ வாங்கினேன். அப்போது எதற்கு என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்த டப்பாவைத் தேய்த்துக் கவிழ்த்தேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியிலும் இல்லை. ஆனால் எதைப் போடுவது? பச்சை அரிசி, பருப்பு என்றால் யாரும் யாரிடமும் வாங்கிக்கொள்வார்கள். வேகவைத்ததற்குத்தான் யார் கை என்று பார்ப்பார்கள். தை பிறந்ததும் தாலுகா ஆபீஸில் அடுத்த மனு என்று மறுபடி போன் வந்தது. முந்தின நாளே ஊருக்கு வந்துவிடச் சொன்னாராம் மாமனார். இந்த முறை எந்தப் பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை, தெரியும். இவர் கிளம்புகிற அன்று விடியற்காலையில் எழுந்து சாமையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து டப்பா நிறையப் போட்டேன்.

இவர் தயங்கினார். "சாமைய பச்சையாவே போட்டுக் குடேன். வாங்கிக்குவாங்க."

"அவங்க வேகவச்சிதான குடுத்தாங்க? நானும் வேகவச்சிதான் குடுப்பேன். வாங்கலன்னா திருப்பிக் கொண்டா, நாம சாப்ட்டுக்கலாம்."

மறுநாள் மத்தியானம்தான் வந்தார். கையில் டப்பா இல்லை.

"அப்பா பேருதான் கூப்ட்டாங்க" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அது தெரியும். டப்பா?"

"அம்மா வாங்கிக்கினாங்க. தெறந்து பாத்தாங்க. சமையக்கட்டுல வச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க." அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி நின்றார். "அப்பறம், அவ பேரு இன்னாடான்னு கேட்டாங்க."

மூன்று வருடம்.

"சொன்னியா?"

"கவிதான்னு சொன்னேன். இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க."